ஒரே வீடு, ஐந்து கையெழுத்து: சென்னையின் எளிய குடும்பங்களும் உயிலும்

கேள்வி

மயிலாப்பூரிலோ தியாகராய நகரிலோ 1980களில் எழும்பிய அடுக்ககத்தில் 700 சதுர அடி வீடு வைத்திருக்கும் ஓய்வுபெற்ற எழுத்தர் தம்மைச் சொத்துக்காரராக நினைப்பதில்லை. மாத ஓய்வூதியம், அஞ்சலகத்தில் கொஞ்சம் வைப்பு, மனைவியின் நகை, ஓர் ஆயுள் காப்பீட்டுப் பாலிசி, இந்த வீடு: அவ்வளவுதான் அவர் கணக்கு. "நம்மகிட்ட என்ன இருக்கு, உயில் எழுத?" என்பது அவர் வீட்டில் சாதாரணமாகக் கேட்கும் பேச்சு. உயில் என்றால் ஜமீன், மில், எஸ்டேட் வைத்திருப்பவர்கள் காரியம் என்ற எண்ணம் நம்மிடையே ஆழ ஊன்றியிருக்கிறது. இந்த நகரத்தின் நினைவில் நிற்கும் உயில்களும் அத்தகையவையே. 1794-இல் இறந்த துபாஷ் பச்சையப்ப முதலியார் அறப்பணிகளுக்கு எழுதிவைத்த பணம் நீண்ட வழக்குகளில் சிக்கி, 1842-இல்தான் பள்ளிக்கூடமாக உருப்பெற்றது.

இக்கட்டுரையின் வாதம் அந்த எண்ணத்துக்கு நேர்மாறானது. பல சொத்துகள் உள்ளவர் உயில் எழுதாமல் இறந்தால், வாரிசுகள் ஆளுக்கொன்றை எடுத்துக்கொண்டு மிச்சத்தைப் பணத்தால் நேர்செய்துகொள்ளலாம். ஒரே சொத்து உள்ளவர் அப்படி இறந்தால் நேர்செய்ய வேறொன்றும் இல்லை. இரண்டு படுக்கையறை வீட்டை ஐந்து பேருக்கு வெட்டிக் கொடுக்க முடியாது. உயிலின் தேவை சொத்தின் மதிப்பைப் பொறுத்து ஏறுவதில்லை. சொத்து ஒன்றே ஒன்றாக இருக்கும்போதுதான் அது உச்சத்தில் இருக்கிறது. இப்படியிருக்க, சென்னை மாநகர எல்லைக்குள் எளிய குடும்பங்கள் உயில் எழுதத் தயங்கியதற்கு மனநிலை மட்டும் காரணமில்லை, சட்டமும் ஒரு காரணம் என்பது இக்கட்டுரை முன்வைக்கும் இரண்டாவது கருத்து.

மண் ஏறிய விலை

தியாகராய நகர் 1920களில் மாம்பலம் பக்கத்து ஏரி நிலத்தைத் தூர்த்து மனைகளாக்கிய பகுதி. 1925-இல் மறைந்த பிட்டி தியாகராயர் பெயரைத் தாங்கியது. அடையாறு காந்தி நகர் கூட்டுறவு வீடுகட்டும் சங்கத்தின் முயற்சியில் உருவானது. பெசன்ட் நகரின் பெரும்பகுதியை 1961-இல் அமைந்த தமிழ்நாடு வீட்டுவசதி வாரியம் மனைகளாகவும் குடியிருப்புகளாகவும் போட்டது. ஆசிரியர், வங்கி ஊழியர், செயலக உதவியாளர், ரயில்வே குமாஸ்தா என்று மாதச் சம்பளக்காரர்கள் தவணை கட்டி வாங்கிய இடங்கள் இவற்றில் ஏராளம். வாங்கியவரின் வருமானம் மாறாமல் இருக்க, காலடி மண்ணின் விலை மட்டும் அவர் கைக்கு எட்டாத உயரத்துக்குப் போயிற்று. இன்று அதே தெருவில் அவருடைய பிள்ளைகளால் ஒரு வீடு வாங்க முடியாது. கையில் பணமில்லாமல், கூரை மட்டும் விலைமதிப்புள்ளதாக ஆகிப்போன குடும்பங்கள் இவை.

அடுக்கக வீட்டில் உண்மையான மதிப்பு செங்கல்லில் இல்லை. பத்திரத்தில் எழுதியிருக்கும் பிரிபடாத மனைப் பங்கில், யு.டி.எஸ். என்று எல்லோரும் சொல்வதில் இருக்கிறது. நாற்பது ஆண்டுக் கட்டடம் பழுதாகும்போது, இடித்துக் கட்டித் தர பில்டர் வரும்போது, அந்தப் பங்கு யாருடையது என்ற கேள்வி எழுகிறது. 2024 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம் (2022), உரிமையாளர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் சம்மதித்தால் மறுகட்டுமானம் செய்ய வழிவிடுகிறது. அடுத்த வீட்டுக்காரர்களோடு ஒத்துப்போவதற்கு ஏற்பட்ட இந்த வசதி, ஒரே வீட்டின் வாரிசுகளுக்கு இடையில் கிடையாது. அங்கே ஒவ்வொருவரும் கையெழுத்துப் போட வேண்டும். ஒருவர் மறுத்தால் மிஞ்சுவது பாகப்பிரிவினை வழக்கு. ஒருவர் டொராண்டோவில் இருந்தால், தூதரகத்தில் சான்றொப்பம் பெற்ற பவர் பத்திரம் வந்து சேரும்வரை மற்றவர்கள் காத்திருக்க வேண்டும்.

சட்டம் எழுதிவைத்திருக்கும் உயில்

உயில் எழுதாதவருக்கும் ஓர் உயில் இருக்கிறது. அதை நாடாளுமன்றம் எழுதியிருக்கிறது. இந்துக்களுக்கு அது 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டம். ஆண் ஒருவர் உயிலின்றி இறந்தால் அவருடைய மனைவி, மகன், மகள், தாய் ஆகியோர் முதல் வகுப்பு வாரிசுகள். எல்லோருக்கும் சம பங்கு. தாய் இந்தப் பட்டியலில் இருப்பதைப் பலர் அறிவதில்லை. தந்தை இரண்டாம் வகுப்பில் இருக்கிறார்.

நம் எழுத்தரையே மாதிரியாக வைத்துக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். வீடு அவருடைய சுயசம்பாத்தியம், அவர் பெயரில் மட்டும் இருக்கிறது. அவர் இறக்கும்போது மனைவி, ஒரு மகன், ஒரு மகள், 85 வயதுத் தாய் ஆகியோர் இருக்கிறார்கள். நால்வருக்கும் கால் பங்கு. வீட்டில் யாரும் பாட்டியின் கால் பங்கைப் பற்றி நினைக்கவில்லை, பாட்டியும் நினைக்கவில்லை. மூன்றாண்டு கழித்து அவரும் இறக்கிறார். அந்தக் கால் பங்கு இப்போது எங்கே போகும்? பெண்ணின் சொத்துக்குத் தனி விதி இருக்கிறது. கணவரை முன்பே இழந்த பாட்டியின் பங்கு அவருடைய பிள்ளைகளுக்குப் போகும். பிள்ளைகள் மூவர்: இறந்துபோன எழுத்தர், கும்பகோணத்தில் இருக்கும் அவருடைய தம்பி, கோயம்புத்தூரில் கட்டிக்கொடுத்த தங்கை. முன்னிறந்த மகனின் பங்கை அவருடைய பிள்ளைகள் எடுத்துக்கொள்வார்கள். மருமகளுக்கு அதில் ஒன்றுமில்லை.

வீட்டை 24 பங்காக வைத்துக்கொண்டால் கணக்கு இப்படி முடிகிறது: மகனுக்கு 7, மகளுக்கு 7, மனைவிக்கு 6, தம்பிக்கு 2, தங்கைக்கு 2. நாற்பது ஆண்டுகள் அந்த வீட்டை நடத்திய மனைவியின் பங்கு தம் பிள்ளைகள் ஒவ்வொருவருடைய பங்கையும் விடக் குறைந்துவிட்டது. அந்த வீட்டின் தவணையில் ஒரு ரூபாயும் கட்டாத மைத்துனரும் நாத்தனாரும் இணை உரிமையாளர்கள். அவர்கள் நல்லவர்களாக இருந்து விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுக்கலாம். அதற்குள் தம்பி இறந்துவிட்டால் அவருடைய மனைவி மக்களையும் தேடிப் போக வேண்டும். இதில் எவரும் பேராசைக்காரர் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். சண்டை வராமலேயே சிக்கல் முற்றிவிடுகிறது. "என் பிள்ளைகள் ஒற்றுமையாகத்தான் இருக்கிறார்கள்" என்ற பதில் இந்த இடத்தில் செல்லுபடியாகாது.

வட்டாட்சியர் தரும் வாரிசு சான்றிதழ் இதையெல்லாம் தீர்த்துவிடும் என்ற நம்பிக்கையும் பரவலானது. அந்தச் சான்றிதழ் யார் யார் வாரிசு என்று சொல்லும். யாருக்கு என்ன சொத்து என்று சொல்லாது. சொத்துரிமையை முடிவுசெய்யும் ஆவணமாக நீதிமன்றங்கள் அதை ஏற்பதில்லை.

மற்றச் சமயத்தவருக்கு விதிகள் வேறு. சாந்தோமில் வாழும் கிறித்தவக் குடும்பத்துக்கு 1925-ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி, பிள்ளைகள் இருந்தால் மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, மீதி பிள்ளைகளுக்கு. கிறித்தவர் எழுதிய உயில் அவர் பின்னர் திருமணம் செய்துகொண்டால் தானாகவே ரத்தாகிவிடும். இந்துக்களின் உயிலுக்கு அந்த விதி பொருந்தாது. இசுலாமியர் தம் சொத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உயிலில் எழுதுவது மற்ற வாரிசுகள் சம்மதித்தால்தான் செல்லும்.

'நாமினி போட்டாச்சு'

நடுத்தரக் குடும்பங்களில் உயிலின் இடத்தை நாமினி என்ற ஏற்பாடு பிடித்துக்கொண்டிருக்கிறது. வங்கிக் கணக்கு, வருங்கால வைப்பு நிதி, பரஸ்பர நிதி, பங்குகள் எல்லாவற்றிலும் ஒரு பெயரை எழுதிவிட்டால் அது அவருக்குச் சொந்தமாகிவிடும் என்று நம்புகிறார்கள். உச்ச நீதிமன்றம் நாற்பது ஆண்டுகளாகத் திரும்பத் திரும்ப மறுத்துவரும் நம்பிக்கை இது. 1983-இல் சர்பதி தேவி வழக்கில் காப்பீட்டுப் பணத்தைப் பற்றியும், 2010-இல் ராம் சந்தர் தல்வார் வழக்கில் வங்கி வைப்பைப் பற்றியும், 2023 டிசம்பரில் சக்தி யெஸ்தானி வழக்கில் நிறுவனப் பங்குகளைப் பற்றியும் நீதிமன்றம் சொன்னதன் சாரம் ஒன்றே: நாமினி பணத்தைப் பெற்றுக்கொள்ளும் கை, உரிமை வாரிசுகளுடையது, உயில் இருந்தால் உயில் சொல்பவருடையது. 2015 திருத்தத்துக்குப் பிறகு ஆயுள் காப்பீட்டில் பெற்றோர், மனைவி அல்லது கணவர், பிள்ளைகள் நாமினியாக இருந்தால் பயனும் அவர்களுக்கே என்று சட்டம் சொல்கிறது. அதன் பொருள் குறித்து உயர் நீதிமன்றங்கள் இன்னும் ஒத்த கருத்துக்கு வரவில்லை.

இதைச் சொல்லும்போது நாமினி வீண் என்று பொருள் கொள்ளக் கூடாது. இறந்த மறுமாதமே வீட்டுச் செலவுக்குப் பணம் வேண்டிய குடும்பத்துக்கு நாமினி இல்லாத கணக்கு பெருந்துன்பம். 2025 நவம்பர் 1 முதல் வங்கிக் கணக்கில் நால்வர் வரை நியமிக்கலாம் என்ற மாற்றமும் நல்லதே. நாமினி பணத்தை வேகமாக வெளியே எடுத்துத் தருகிறது; உயில் அது யாருக்கு என்று சொல்கிறது. இரண்டும் வேண்டும். இரண்டும் ஒரே பெயரைச் சொன்னால் இன்னும் நல்லது. இரண்டும் இல்லாமல், கணக்கு இருப்பதே வீட்டாருக்குத் தெரியாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு ரிசர்வ் வங்கியின் கணக்கே சாட்சி. பத்தாண்டுகளாக யாரும் கேட்காமல் கிடந்து, வைப்பாளர் கல்வி மற்றும் விழிப்புணர்வு நிதிக்குப் போய்ச் சேர்ந்திருந்த தொகை 2024 மார்ச் இறுதியில் 78,213 கோடி ரூபாய். பெரும் செல்வர்களிடம் கணக்குப் பார்க்க ஆடிட்டர் இருப்பார். அஞ்சலகப் புத்தகத்தைப் புடவை மடிப்பில் வைத்திருக்கும் அம்மாவிடம் யார் இருப்பார்?

1870 முதல் 2025 வரை

உயில் எழுதுவதில் சென்னைக்கென்று ஒரு தனி வரலாறு உண்டு. கூட்டுக் குடும்பச் சொத்தை மையமாகக் கொண்ட இந்து தர்மசாத்திரத்தில் உயிலுக்குத் தெளிவான இடம் இல்லை. 1829-ஆம் ஆண்டுச் சென்னை ஒழுங்குமுறை ஒன்று, இந்துச் சட்டத்துக்கு ஒத்துவராத உயிலுக்கு மதிப்பில்லை என்றது. 1856-இல் அன்றைய இறுதி மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சில் நாகலட்சுமி அம்மாள் வழக்கில் சென்னை மாகாண இந்துவுக்கு உயில் எழுதும் அதிகாரம் உண்டு என்று ஏற்றது. 1870-இல் வந்த இந்து உயில்கள் சட்டம், கீழ் வங்காளத்திலும் சென்னை, பம்பாய் நகரங்களிலும் இந்துக்கள் எழுதும் உயில்களை ஆங்கிலேய முறைக்குள் கொண்டுவந்தது. அந்த ஏற்பாடு 1925-ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 57, 213 ஆகிய பிரிவுகளில் தொடர்ந்தது.

இதன் விளைவு விநோதமானது. பல்லாவரத்தில் வீடு வைத்திருந்தவர் அங்கேயே எழுதிய உயிலுக்கு நீதிமன்றச் சான்று, அதாவது புரொபேட், கட்டாயமில்லை. மயிலாப்பூரில் வீடு வைத்திருந்தவரின் உயிலுக்குக் கட்டாயம். மதுரைக்காரர் மதுரையிலேயே எழுதினாலும் அதில் தியாகராய நகர் வீடு இருந்தால் அந்த வீட்டுக்குக் கட்டாயம். சமய வேறுபாடும் இருந்தது: இசுலாமியருக்கு இந்தக் கட்டாயம் முதலிலிருந்தே இல்லை, இந்தியக் கிறித்தவர்களுக்கு 2002 திருத்தத்தில் நீங்கியது. அதற்கு ஓராண்டு முன் கிளாரன்ஸ் பயஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம், இந்த வேறுபாடு வரலாற்றுக் காரணங்களால் வந்தது, ஆகவே இந்தக் கட்டாயத்தை விதித்த 213-ஆம் பிரிவு செல்லும் என்றே சொல்லியிருந்தது.

புரொபேட் என்பது சென்னை உயர் நீதிமன்றத்தின் அசல் பிரிவில் ஓ.பி. என்ற மனுவைத் தாக்கல் செய்து, வாரிசுகளுக்கு அறிவிப்பு அனுப்பி, பத்திரிகையில் விளம்பரம் கொடுத்து, சாட்சியை நிறுத்திப் பெற வேண்டியது. யாராவது கேவியட், அதாவது ஆட்சேபம், போட்டால் அது டி.ஓ.எஸ். என்ற முழு வழக்காகிவிடும். நீதிமன்றக் கட்டணமும் வக்கீல் கட்டணமும் சேரும். பெரிய சொத்துக்கு இது தாங்கும் செலவு. ஒரே வீடும் ஓய்வூதியமும் உள்ள குடும்பத்துக்கு இது மலை. இதிலும் கசப்பான உண்மை ஒன்று உண்டு: உயிலே எழுதாமல் இறந்த இந்துவின் வாரிசுகளுக்கு இந்தச் சுமை கிடையாது. அக்கறையோடு எழுதிவைத்தவரின் குடும்பம் உயர் நீதிமன்றத்துக்கு நடந்தது; ஒன்றும் செய்யாமல் போனவரின் குடும்பம் வட்டாட்சியர் அலுவலகத்தோடு முடித்துக்கொண்டது. "மெட்ராசில் சொத்தா, உயில் வேண்டாம் சார்" என்ற ஆலோசனை பத்திர எழுத்தர்களிடையே வழங்கியதற்கு இதுவே காரணம் என்பது என் துணிபு. அறியாமை என்று நாம் குறைசொல்வதில் ஒரு பகுதி, உண்மையில் செலவைக் கணக்கிட்டுப் பார்த்து எடுத்த முடிவு.

2025 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய நீக்கல் மற்றும் திருத்தச் சட்டம் 213-ஆம் பிரிவை எடுத்துவிட்டது. சென்னை, மும்பை நகரங்களுக்கும் பழைய கீழ் வங்காளப் பகுதிக்கும் இருந்த தனிக் கட்டாயம் இத்துடன் போயிற்று. இது எளிய குடும்பங்களுக்குக் கிடைத்த பெரிய விடுதலை. ஆனால் இதன் எல்லையையும் சொல்ல வேண்டும். கட்டாயம்தான் நீங்கியது, உயில் உண்மையானது என்று தகராறு வரும்போது நிரூபிக்கும் பொறுப்பு நீங்கவில்லை. உயிலால் பயன் பெறுபவரே, அதைச் சூழ்ந்த சந்தேகங்களைப் போக்க வேண்டும் என்று 1958-இல் வெங்கடாசல ஐயங்கார் எதிர் திம்மஜம்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த நெறி அப்படியே நிற்கிறது. முன்பு நீதிமன்றம் ஒருமுறை சோதித்து முத்திரையிட்டது. இனி அந்தச் சோதனை எந்த நேரத்திலும் எந்த அலுவலகத்திலும் வரலாம். ஆகவே உயில் முன்பைவிடத் தெளிவாகவும் செம்மையாகவும் எழுதப்பட வேண்டியதாகிறது.

செட்டில்மென்ட் என்ற மாற்றுவழி

உயிலைத் தவிர்த்த சென்னைக் குடும்பங்கள் சும்மா இருக்கவில்லை. உயிரோடு இருக்கும்போதே செட்டில்மென்ட் பத்திரம் எழுதிவிடுவது வழக்கமாயிற்று. குடும்பத்தாருக்குள் எழுதும் செட்டில்மென்ட்டுக்குத் தமிழ்நாட்டில் முத்திரைத் தீர்வை 1 சதவீதம்தான். 2023 ஜூலை முதல் அதன் உச்சவரம்பு 40,000 ரூபாய், பதிவுக் கட்டணத்தின் உச்சவரம்பு 10,000 ரூபாய். சார்பதிவாளர் அலுவலகத்தில் ஒரே நாளில் காரியம் முடிந்துவிடும், பட்டா மாறிவிடும், புரொபேட்டுக்காக நீதிமன்றம் போக வேண்டியதில்லை.

ஆனால் செட்டில்மென்ட் எழுதிய நிமிடமே வீடு கைமாறிவிடுகிறது. உயிலை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம்; கடைசியாக எழுதியதே செல்லும். நிபந்தனையில்லாத செட்டில்மென்ட்டை எழுதியவர் தம் இஷ்டப்படி ரத்து செய்ய முடியாது. சொந்த வீட்டிலேயே விருந்தாளியாகிப் போன பெற்றோருக்காகத்தான் 2007-ஆம் ஆண்டுப் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தில் 23-ஆம் பிரிவு வந்தது. பராமரிப்பேன் என்ற நிபந்தனையில் பெற்ற சொத்தை, பராமரிக்காவிட்டால் திரும்பப் பெறலாம். அந்த நிபந்தனை பத்திரத்தில் எழுதியிருக்க வேண்டுமா? 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் நிபந்தனை இருந்ததைக் காட்ட வேண்டும் என்று இறுக்கமாகச் சொன்னது. 2025 ஜனவரியில் இன்னொரு வழக்கில், மூத்தோரைக் காக்கும் நோக்கில் சட்டத்தைத் தாராளமாகப் படிக்க வேண்டும் என்றது. இந்த ஊசலாட்டத்தின் நடுவே 80 வயதில் கோட்டாட்சியர் முன் போய் நிற்கும் நிலைக்கு ஒருவரைக் கொண்டுவந்தது பிள்ளைகளின் கல்மனம் மட்டுமல்ல. உயிலை விலையேற்றி, செட்டில்மென்ட்டை மலிவாக்கிய சட்டமும் சேர்ந்துதான் அவரை அங்கே நிறுத்தியது. ஆயுள்வரை தாம் குடியிருக்கும் உரிமையை வைத்துக்கொண்டு எழுதும் செட்டில்மென்ட் ஓரளவு காப்பு. இருந்தாலும், மனம் மாறினால் மாற்ற முடியாது என்ற குறை அதிலும் உண்டு. புரொபேட் கட்டாயம் போன பிறகு, ஒரே வீடு உள்ள முதியவர் வாழும்போதே அதை எழுதிக் கொடுப்பதற்கு நியாயமான காரணம் அரிதாகவே இருக்கும்.

பட்டா இல்லாதவர்களின் சொத்து

இதுவரை பேசியது பத்திரம் உள்ளவர்களைப் பற்றி. மயிலாப்பூரின் மாட வீதிகளைச் சுற்றி இன்னொரு வகைக் குடும்பங்கள் இருக்கின்றன: கோயில் மனையில் தம் செலவில் வீடு கட்டி, தலைமுறைகளாக அடிமனை வாடகை கட்டிவருபவர்கள். கபாலீசுவரர் கோயிலுக்கு இப்பகுதியில் நிறைய மனைகள் உண்டு. குடியிருப்பவர் அடிமனையை விலைக்குக் கேட்கலாம் என்ற உரிமையை 1921-ஆம் ஆண்டு நகரக் குடியிருப்போர் பாதுகாப்புச் சட்டம் தந்தது. சமய நிறுவனங்களின் நிலத்துக்கு அந்தச் சட்டம் பொருந்தாது என்று 1996-இல் திருத்தம் வந்தது. கோயில் மனையில் இருக்கும் மயிலாப்பூர் கிளப் தொடுத்த வழக்கில் 2005-இல் உச்ச நீதிமன்றம் அத்திருத்தத்தை உறுதி செய்தது. ஆக, அடிமனை வாடகைதாரர் உயிலில் எழுத முடிவது மேற்கட்டடத்தை மட்டுமே. வாடகைதாரர் பெயரை மாற்றுவது கோயில் நிர்வாகத்தின் கையில் இருக்கிறது. அண்ணன் தம்பி நால்வரும் ஆளுக்கொரு பக்கம் உரிமை கேட்டால் அந்தப் பெயர்மாற்றம் நின்றுபோகும், வாடகை பாக்கி ஏறும், முடிவில் ஆக்கிரமிப்பாளர் என்ற பட்டம் வரும். மேற்கட்டடம் இன்னாருக்கு, அடிமனை வாடகையை இனி இன்னார் கட்ட வேண்டும் என்று தெளிவாக எழுதிய ஒரு தாள் இருந்தால், நிர்வாகத்தின் முன் நிற்க ஒரே ஆள் இருப்பார்.

பட்டினப்பாக்கம் போன்ற இடங்களில் குடிசை மாற்று வாரியம், இன்றைய பெயரில் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம், கொடுத்த வீடுகளின் நிலையும் நெருக்கமானது. ஒதுக்கீட்டு ஆணை இருக்கும், தவணை முடிந்திருக்கும், கிரயப் பத்திரம் வாங்கியிருக்க மாட்டார்கள். இல்லாத உரிமையை உயில் உண்டாக்கித் தராது. ஆகவே இந்தக் குடும்பங்களுக்கு முதல் வேலை கிரயப் பத்திரத்தை வாழ்நாளிலேயே வாங்கிவிடுவது. நான்கு வீட்டில் வேலை செய்து சேர்த்த அம்மாவுக்கு நகையும் சீட்டுப் பணமும்தான் சொத்து. எந்த நகை எந்தக் கடையில் அடகில் இருக்கிறது, யாருக்குக் கைமாற்றுக் கொடுத்திருக்கிறார் என்பது அவருக்கு மட்டுமே தெரியும். அவருடைய உயிலில் பாதி, கணக்கு சொல்லும் வேலை. அதை யாரும் கேட்டு எழுதித் தருவதில்லை.

பெண்கள்: உயிலின் இரு முகம்

உயிலைப் புகழ்ந்துகொண்டே போவது நேர்மையாகாது. தமிழ்நாடு 1989-லேயே மகள்களுக்குக் கூட்டுக் குடும்பச் சொத்தில் பிறப்புரிமை தந்தது; நாடு முழுவதற்கும் 2005-இல் அது வந்தது; 2020-இல் வினீதா சர்மா தீர்ப்பு அதை உறுதிப்படுத்தியது. சட்டம் வாரிசு என்ற முறையில் தரும் பங்கை உயிலாலும், பிறப்புரிமைப் பங்கையே விடுதலைப் பத்திரத்தாலும் பறித்துவிட முடியும். "கல்யாணத்துக்கே செய்தாகிவிட்டது" என்ற ஒரு வரியில் மகளை விலக்கிய உயில்கள் குறைவில்லை. எல்லையற்ற உயில் சுதந்திரம் பெண்களின் சொத்துரிமைக்கு எதிராகவே பயன்படும் என்று பொருளியலாளர் பீனா அகர்வால் எச்சரித்திருப்பதை எளிதில் தள்ளிவிட முடியாது.

ஆனால் உயில் இல்லாமையும் பெண்ணுக்கு எதிராக வேலை செய்கிறது. குழந்தையில்லாத விதவை உயிலின்றி இறந்தால், அவர் தாமே சம்பாதித்தது கணவரின் வாரிசுகளுக்குப் போகும். பெற்ற தாய் தந்தை அதற்குப் பின்னால்தான் வருகிறார்கள். திருமணமான மூன்று மாதத்துக்குள் கணவரை இழந்து, தாய் வீட்டில் படித்து, வேலை பார்த்துச் சேர்த்த ஒரு பெண்ணின் பணம் கணவர் வழிக்குப் போனதை 2009-இல் ஓம்பிரகாஷ் வழக்கில் உச்ச நீதிமன்றம் தடுக்க முடியாது என்றது. இந்த விதியை எதிர்த்த வழக்கில் 2025 நவம்பரில் நீதிபதிகள் நாகரத்னா, மகாதேவன் அமர்வு, பெண்கள், குறிப்பாக இந்துப் பெண்கள், உடனே உயில் எழுத வேண்டும் என்று வேண்டுகோளே விடுத்தது. அடையாறிலும் மயிலாப்பூரிலும் தனியே வாழும் ஓய்வுபெற்ற ஆசிரியைகள், செவிலியர்கள் எத்தனையோ பேர். கடைசிக் காலத்தில் கவனித்துக்கொள்ளும் தங்கைக்கோ அக்கா மகளுக்கோ தம் வீடு போக வேண்டும் என்று அவர்கள் நினைத்தால், அதற்கு உயிலைத் தவிர வழியில்லை.

மனைவிக்கு எழுதும்போதும் எச்சரிக்கை வேண்டும். "அவள் ஆயுள்வரை அனுபவித்து, பிறகு பிள்ளைகளுக்கு" என்பது நம் உயில்களின் வழக்கமான வாசகம். ஜீவனாம்ச உரிமைக்கு ஈடாகப் பெண்ணுக்குக் கொடுத்த வரையறுக்கப்பட்ட உரிமை முழு உரிமையாகிவிடும் என்று 1977-இல் துளசம்மா வழக்கு சொன்னது. அதன் எல்லை எது என்ற கேள்வியை 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் பெரிய அமர்வுக்கு அனுப்பியது. ஒரே வீடு உள்ள குடும்பத்தில் மனைவிக்கு முழுமையாக எழுதிவிட்டு, அவரும் தம் உயிலை எழுதிவைப்பதே நேரான வழி என்று எனக்குப் படுகிறது.

எழுதுவது

உயிலுக்கு முத்திரைத்தாள் வேண்டாம், பதிவும் கட்டாயமில்லை. வெள்ளைத் தாளில், தெரிந்த மொழியில் எழுதலாம். எழுதுபவர் கையொப்பமிட, இரு சாட்சிகள் அதைப் பார்த்து, அவர் முன்னிலையில் கையெழுத்திட வேண்டும். வழக்கு வந்தால் சாட்சிகளில் ஒருவராவது நீதிமன்றத்தில் பேச வேண்டியிருக்கும். ஆகவே வயதில் இளையவராக, எளிதில் தேடிக் கண்டுபிடிக்கக் கூடியவராக, உயிலால் ஏதும் பெறாதவராக இருப்பது நல்லது. உயிலை நிறைவேற்ற ஒருவரைப் பெயர் சொல்லி நியமிக்க வேண்டும். பத்திர எண், யு.டி.எஸ். அளவு, கணக்கு எண்கள் குறிக்கப்பட வேண்டும். ஒரு வாரிசுக்குக் குறைத்தோ கொடுக்காமலோ விட்டால் அதன் காரணத்தை ஒரு வரியாவது எழுதுவது சந்தேகத்தைக் குறைக்கும். பதிவு செய்வது பாதுகாப்பு. பதிவான உயிலைத் தகராறு செய்ய முடியாது என்பது மட்டும் தவறு. வீட்டில் வைக்க அஞ்சுபவர், மூடி முத்திரையிட்ட உறையில் மாவட்டப் பதிவாளரிடம் ஒப்படைக்கலாம். 1908 பதிவுச் சட்டத்தின் 42-ஆம் பிரிவு தரும் இந்த வசதியைப் பயன்படுத்துபவர் மிகச் சிலரே.

இவ்வளவையும் தனியாகச் செய்துகொள்ளும் தெம்பு எல்லோருக்கும் இருக்காது. தமிழ்நாடு மாநிலச் சட்டப் பணிகள் ஆணைக்குழு உயர் நீதிமன்ற வளாகத்திலேயே இருக்கிறது. 1987 சட்டத்தின் 12-ஆம் பிரிவுப்படி பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு வருமான வரம்பில்லாமல் இலவசச் சட்ட உதவி கிடைக்க வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறையாவது மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு பகுதிகளில் உயில் எழுதும் முகாம் நடத்த அந்த ஆணைக்குழுவை நாம் கேட்க வேண்டும். குடியிருப்போர் நலச்சங்கங்கள் முதல் கடிதத்தை எழுதலாம். பட்டினப்பாக்கத்து வாரியக் குடியிருப்புகளிலிருந்து அந்த முகாம் தொடங்கட்டும்.